உறுதி எழுத வந்தவர்கள்

இருபத்தாறு வருசமாய் உறுதி எழுதுகிறேன்.
வேலி அரக்கிய சண்டை,
எல்லைப் பூவரசு ஆருக்கு என்ற சண்டை,
கிணற்றில் கால் பங்கு, அரைக்கால் பங்கு,
எல்லாம் இந்த மேசைக்கு வந்து
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கின்றன.
கொம்பியூட்டருக்கு உறுதி கேட்டு
இன்றைக்குத்தான் வந்தார்கள்.

கிளுவை என்று பெயராம்.
எண்பத்தெட்டில், கொக்குவிலில்,
இரண்டு பேர் பொருத்திய பெட்டி.
ஆளியைத் தட்டினால் தமிழில் கண் விழிக்கும்.
இருநூற்றுப் பதினொன்று விற்றதாம்:
அச்சகங்கள், சங்கக்கடை, ரியூட்டரி.
கொஞ்சக் காலம்
முப்பத்தொராம் நாள் கல்வெட்டுகள் எல்லாம்
அதன் எழுத்தில்தான் அழுதனவாம்.

இடப்பக்கக் கதிரையில் குலவீரசிங்கம்:
அதன் மூளையை எழுதியது தான்.
வலப்பக்கம் பெனடிக்ற்:
தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில்
மூலத் தட்டுகள் பதினாலையும்
பிஸ்கற் பேணிக்குள் அடுக்கி
சைக்கிள் கரியரில் கட்டி
நாவற்குழிப் பாலத்தை விடிய விடியக் கடந்தது தான்.

"எழுதினவர் தட்டை விட்டிட்டு ஓடினவர், மிஸ்."
"சுமந்தவன் சொந்தக்காரன் எண்டால்
என்ரை காதல் கடிதமெல்லாம்
தபால்காரன்ரை எல்லோ?"

இதற்குள் ஒரு கடிதம் வேறு.
ரொறன்ரோவிலிருந்து யாரோ ஒரு மருமகன்,
தொளாயிரம் டொலருக்குப் பெயரை வாங்கிவிட்டானாம்.
பெட்டி வேண்டாம். தட்டு வேண்டாம்.
பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

பின் வாங்கில் இரண்டு கட்சியும்
நடுவில் ஓராள் இடம் விட்டு இருந்தன.
ழகரம் சின்ன விரலுக்குக் கீழே என்பவர்கள்.
ழகரம் மேல் வரிசையில் என்பவர்கள்.
இருபது வருசமாய்
நன்மைக்கும் போவதில்லை, தீமைக்கும் போவதில்லை.
ஒரு சம்பந்தம் பேசி, பொன்னுருக்க நாளும் வைத்து,
குழம்பிப் போயிருக்கிறது:
மாப்பிள்ளை மற்ற விசைப்பலகை.

நான் பேனையைத் திறந்தேன்.
பழக்கம் தானாக எழுதியது:
வான்பயிர், செய்பயிர், பங்குக் கிணறு,
வழி வாய்க்கால் உரித்து உட்பட.
இதற்கு எல்லை: கிழக்கு,
நிறுத்தினேன்.
கிழக்கில் ஆர் இருக்கிறார்கள்?
கிளுவைக் கதியால் ஊன்றினால்
வேர் எந்தக் காணிக்குள் போகும் என்று
இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.
மண் இல்லை, பரப்பு இல்லை, லாச்சம் இல்லை.
தட்டுகளையாவது காட்டுங்கள் என்றேன்.
பேணி திறபட்டது.
பூஞ்சணம். புளித்த மணம்.
அடியில் ஒரு பழைய பெற்றோல் கூப்பன்.

"இப்ப எத்தினை பேர் பாவிக்கினம்?"
சும்மாதான் கேட்டேன்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
பிறகு இரண்டு பேரும் விரல் மடித்தார்கள்,
மடித்து, ஒருவர் விரலை மற்றவர் பார்த்து,
"நாலு" என்றார்கள்.
ஒரே குரலில்.
பின் வாங்கிலும் ஆரும் மறுக்கவில்லை.

"நாலாவது ஆர்?"
"சுன்னாகம் மரியாம்பிள்ளை. அச்சகம்."
"அவர் வைகாசியில மோசம் போயிட்டாரெல்லே."
"ஐயோ. ஆர் சொன்னது?"
"கல்வெட்டு வந்ததே.
வேற எழுத்தில அடிச்சிருந்தினம்."

குலவீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே கேட்டார்:
"அப்ப அவற்றை பெட்டி?"

இரண்டு பேரும் எழும்பினார்கள்.
கதவடியில் தோளும் தோளும் முட்டியது.
வாங்கு காலியானது.
வெளியில் ஓட்டோக்கள் இரண்டு
சுன்னாகத்துக்குத்தான் இருக்க வேண்டும்
ஒன்றையொன்று முந்தி உறுமின.

ஆறு கோப்பை தேத்தண்ணி, ஆடை படர்ந்து.
நிரோசா திரையில் அரை உறுதியைப் பார்த்தபடி,
"மிஸ், என்ன பேர் போட்டு சேவ் பண்ண?"

சொல்ல வாயெடுத்தேன்.
கனடாக்காரரின் கடிதம் ஞாபகம் வந்தது.